கான்வென்ட் மதிலுக்கு உள்ளே

இன்றைய அரங்கில் ஒரு தாயார் எழுந்து கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். "மகளைப் பெண்கள் கான்வென்டுல சேர்க்கலாம்னு இருக்கோம். மதம் மாத்திடுவாங்கன்னு வீட்டுப் பெரியவங்க பயப்படறாங்க. தங்கச்சி, நீங்களும் கான்வென்டுல படிச்சவங்கதானே, உள்ளே என்னதான் நடக்குது?" சிலர் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய கேள்வியல்ல. என் பாட்டியும் இதையேதான் கேட்டார்.

இதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1852ஆம் ஆண்டில் பிரான்சிலிருந்து குழந்தை இயேசு சபையின் கன்னியாஸ்திரிகள் கப்பலேறிப் பினாங்கு வந்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக எழுத்தறிவிக்க 17ஆம் நூற்றாண்டில் பாதிரியார் நிக்கோலா பாரே தொடங்கிய சபை அது. லைட் ஸ்திரீட் கான்வென்ட் அப்படிப் பிறந்ததுதான். 1854இல் மதர் மதில்டா ராக்லோவும் அவருடன் சென்ற சகோதரிகளும் சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட்டில் இன்னொரு கான்வென்டைத் திறந்தார்கள். கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் கான்வென்ட் 1899இல் வந்தது, ஈப்போ கான்வென்ட் 1907இல் வந்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அன்றைய கான்வென்டின் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு உலகங்கள் இருந்தன. ஒரு பக்கம், கட்டணம் கட்டிப் பிரெஞ்சும் பியானோவும் கற்ற வசதியான வீட்டுப் பிள்ளைகள். மறுபக்கம், அனாதை இல்லத்துப் பெண்கள். விக்டோரியா ஸ்திரீட் கான்வென்டில் ஒரு சிறிய வாசல் உண்டு. பெண் குழந்தை வேண்டாம் என்றோ, வளர்க்க வழியில்லை என்றோ, பிறந்த சிசுவை அங்கே விட்டுப் போனார்கள். அந்த வாசலை 'நம்பிக்கை வாசல்' என்கிறார்கள். அதன் வழியே வந்த பெண்கள் தையலும் பூவேலையும் கற்றார்கள். அவர்கள் தைத்தவை விற்பனைக்குப் போயின. வசதியான வீட்டுப் பிள்ளையின் கட்டணமும் அனாதைப் பெண்ணின் ஊசியும் சேர்ந்துதான் அந்த அடுப்பை எரிய வைத்தன. ஆனால் இருவரும் ஒரே வகுப்பில் அமரவில்லை.

அந்தப் பள்ளி 1983இல் தோபாயோவுக்கு மாறிவிட்டது. பழைய கட்டடம் இன்று 'சைம்ஸ்' என்ற பெயரில் உணவகங்கள் நிறைந்த இடம். அங்கே சாப்பிடப் போகிறவர்கள் அந்தச் சிறு வாசலையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

நம் நாட்டில் 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், 1970இல் தொடங்கிய மலாய்மொழி மாற்றம் என்று வரிசையாக வந்தன. கன்னியாஸ்திரிகள் ஓய்வு பெற்றார்கள். அவர்கள் இடத்துக்கு அரசாங்க ஆசிரியர்கள் வந்தார்கள். ஆகவே நான் படித்த காலத்தில் கூரைமேல் சிலுவையும் வாசலில் மாதா சிலையும் இருந்தன, பாடத்திட்டம் மட்டும் எல்லாப் பள்ளிகளுக்கும் உள்ளதுதான். முஸ்லிம் மாணவிகளுக்கு இஸ்லாமியக் கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வி. தீபாவளிக்கு மாதா சிலைக்குப் பக்கத்திலேயே கோலம் போட்டோம். ஐந்து ஆண்டுகளில் என்னை யாரும் ஞானஸ்நானத்துக்கு அழைக்கவில்லை, அம்மா!

பாட்டி பயந்த சுவர் அங்கே இல்லை. வேறொரு சுவர் இருந்தது. தமிழ்ப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்பு வழியாக வந்தவள் நான். சிற்றுண்டிச் சாலையில் தமிழ்ப் பிள்ளைகளுக்கே இரண்டு மேசைகள். ஒன்றில் வீட்டிலும் ஆங்கிலம் பேசும் பட்டணத்துப் பெண்கள், மற்றொன்றில் நாங்கள். யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் தெரியும். ஓர் ஆசிரியை எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே மாட்டார், 'புகுமுக வகுப்புப் பெண்களே' என்பார். விக்டோரியா ஸ்திரீட்டின் கதையைப் பிற்பாடு படித்தபோது எனக்கு அந்த மேசைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

அதே பள்ளிதான் எனக்கு ஒலிபெருக்கியையும் கொடுத்தது. ஆண் பிள்ளைகள் இல்லாத பள்ளியில் 'இதை அவன் செய்யட்டும்' என்று சொல்ல ஆளில்லை. நாற்காலி தூக்குவது, கூடாரம் அடிப்பது, மின்விசிறி பழுது பார்க்க ஏணி பிடிப்பது, கூட்டத்தில் எழுந்து பேசுவது, எல்லாம் நாங்கள்தான். புக்கிட் நானாஸில் படித்த அம்பிகா ஸ்ரீநிவாசன் வழக்கறிஞர் மன்றத் தலைவரானதும், ஈப்போ கான்வென்டில் படித்த மிஷல் இயோ 2023இல் ஆஸ்கார் வாங்கியதும் அவரவர் திறமை. ஆனால் பதினைந்து வயதில் முன்னால் நின்று பழகியது வீண் போகாது என்பது என் எண்ணம்.

2021இல் புக்கிட் நானாஸ் பள்ளியின் நிலக் குத்தகை முடிந்து, பள்ளி நிலைக்குமா என்ற கவலை எழுந்தது. அப்போது குரல் கொடுத்த முன்னாள் மாணவிகளில் எல்லா இனத்தவரும் எல்லா மதத்தவரும் இருந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் குத்தகை 60 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.

ஒளிப்பதிவு முடிந்ததும் அந்தத் தாயாரைத் தேடிப் போய்ப் பேசினேன். "சேருங்க, அக்கா. சாமி கும்பிடறதைப் பத்திக் கவலைப்படாதீங்க. முதல் மாசம் முழுக்க, மகள் வீட்டுக்கு வந்ததும் இன்னைக்கு எந்த மேசையில யாரோட உட்கார்ந்து சாப்பிட்டேன்னு மட்டும் கேளுங்க" என்றேன்.