திருப்பிச் சுடும் இலக்கு

1908 லண்டன் ஒலிம்பிக்ஸில், பதக்கக் கணக்கில் சேராத ஒரு காட்சிப் போட்டி நடந்தது. உடம்பை மூடும் கனத்த அங்கி, முகம் முழுக்க மறைக்கும் முகமூடி, கண்ணுக்குத் தடித்த கண்ணாடி. இந்தக் கோலத்தில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று, சைகை கிடைத்ததும் ஒருவரை ஒருவர் பிஸ்டலால் சுட்டார்கள். பிடித்திருக்கும் விரல்கள் சிதையாமலிருக்க பிஸ்டலிலேயே ஒரு சின்னக் கேடயம் பொருத்தியிருந்தார்கள். யாரும் சாகவில்லை, ஏனென்றால் குண்டு மெழுகு.

இந்த மெழுகுக் குண்டு விளையாட்டைப் பரப்பியவர் டெவில்லேர் என்ற பிரெஞ்சு மருத்துவர். மானப் பிரச்னைக்காக ஆண்கள் விடியற்காலையில் மைதானத்துக்குப் போய் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளும் வழக்கம் அப்போது பிரான்ஸில் முழுதாகச் சாகவில்லை. அதற்குப் பயிற்சி வேண்டுமே! லண்டனுக்கு இரண்டு வருடம் முன்னால், 1906இல், ஏதென்ஸ் போட்டிகளில் கோட்டு மாட்டிய ஒரு பொம்மையை நிற்க வைத்துச் சுட்டார்கள். குறி பார்க்க அது போதும். ஆனால் பொம்மை திருப்பிச் சுடாது. உங்கள் நெஞ்சை நோக்கி ஒரு குழல் நிமிரும்போது உங்கள் கை என்ன செய்யும் என்பதை அந்தப் பொம்மையால் சொல்லித்தர முடியாது. மெழுகுக் குண்டு வந்தது அதற்காகத்தான்.

ஆயுதம் பழகிய எல்லா சமூகமும் முட்டி நின்ற இடம் இது. நிஜம் மாதிரி பழகினால் பழகுகிறவன் சாவான். பத்திரமாகப் பழகினால் நிஜத்தில் சாவான். நடுவே ஒரு போலி ஆயுதம் வேண்டும். அதில் எதை நிஜமாக வைப்பது, எதைப் பொய்யாக்குவது?

இந்தக் கேள்விக்கு ரொம்ப யோசித்துப் பதில் சொன்ன நாடு ஜப்பான். அதுவும் இரண்டு முறை.

முதல் முறை 18ஆம் நூற்றாண்டில். எதோ காலத்தின் நீண்ட அமைதியில் சாமுராய்களுக்குப் போர் இல்லை, இடுப்பில் வாள் மட்டும் இருந்தது. மர வாளை வைத்துக்கொண்டு, முன்பே தீர்மானித்த அடிகளை நடனம் மாதிரி திரும்பத் திரும்பச் செய்ததுதான் பெரும்பாலும் பயிற்சி. மர வாளும் மண்டையை உடைக்கும் என்பதால் முழு வேகத்தில் யாரும் மோத முடியாது. 1710களில் நாகானுமா குனிசாட்டோ என்ற ஆசான் முகக்கவசத்தையும் கையுறையையும் மேம்படுத்தி, மூங்கில் வாளோடு சேர்த்துத் தன் பள்ளியில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1750களில் நாகானிஷி சூசோ இன்னும் நல்ல கவசங்களோடு அதைப் பரப்பினார். இன்றைய கெண்டோ அங்கிருந்து வருகிறது. மூங்கில் வாளில் கூர்மை பொய், எடையும் பொய். நேரமும் தூரமும் எதிராளியின் தந்திரமும் மட்டும் நிஜம்.

"இது வாள் வித்தையே இல்லை, குச்சி விளையாட்டு" என்று பழைய பள்ளிகள் முகம் சுளித்தன. அந்தச் சுளிப்பில் கொஞ்சம் நியாயம் இருந்ததைப் பிறகு வந்த ஒரு சம்பவம் காட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஓயிஷி சுசுமு என்பவர் ஐந்து அடிக்கு மேல் நீளமான மூங்கில் வாளோடு எதோ நகரத்துக்கு வந்து பெரிய பெரிய ஆட்களையெல்லாம் திணறடித்தார். உடனே எல்லாரும் நீளமான வாளுக்கு மாறினார்கள். அவ்வளவு நீளத்தில் நிஜ வாளை எவனும் இடுப்பில் கட்டமாட்டான். பயிற்சியில் ஜெயிப்பதே நோக்கமாகிவிட்டால் நிஜம் நழுவிவிடும். 1856இல் ஷோகுன் அரசு தொடங்கிய கோபுஷோ என்ற பயிற்சிக்கூடம், வாள் சுமார் 115 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று கட்டுப்பாடு போட வேண்டியிருந்தது.

இரண்டாவது பதில் நூறு வருடம் கழித்து வந்தது. ஆனால் இந்த முறை யாரும் பயிற்சிக்கென்று யோசிக்கவில்லை.

போருக்குப் பிந்தைய ஜப்பானில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் சாதாரண மனிதன் கைத்துப்பாக்கி வைத்திருப்பதை ஏறக்குறைய முடியாததாக்கியது. ஆனால் சினிமாவில் துப்பாக்கி பார்க்கும் ஆசையைச் சட்டம் தடுக்குமா? 1960களில் நிஜத்தை அச்சாக நகலெடுத்த, சுடாத உலோக மாதிரித் துப்பாக்கிகள் அங்கே அமோகமாக விற்றன. அவற்றை வைத்துக் குற்றங்கள் நடக்கவே, 1971இல் உலோகக் கைத்துப்பாக்கி மாதிரிகளுக்கு வெள்ளை அல்லது மஞ்சள் நிறம் பூச வேண்டும், குழலை அடைக்க வேண்டும் என்று விதி வந்தது. உற்பத்தியாளர்கள் பிளாஸ்டிக்குக்குத் திரும்பினார்கள். சுருள்வில்லாலோ குறைந்த அழுத்த வாயுவாலோ ஒரு பிளாஸ்டிக் உருண்டையைத் தள்ளும் துப்பாக்கி பிறந்தது. அதுதான் ஏர்சாஃப்ட்.

நம்மூர்த் திருவிழாவில் பலூன் சுடும் ஏர் கன்னை நினைத்துக்கொள்ளாதீர்கள். அது ஈயக் குண்டு, கண்ணையே எடுத்துவிடும். ஏர்சாஃப்ட் உருண்டை பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் விட்டம், 0.2 கிராம் எடை. ஜப்பானில் 2006இல் வந்த சட்டத்திருத்தப்படி அதன் ஆற்றல் 0.98 ஜூலைத் தாண்டக்கூடாது. ஒரு 9 எம்எம் பிஸ்டல் குண்டு சுமார் 500 ஜூல். இதுவும் கண்ணில் பட்டால் ஆபத்துதான், அதனால் கண்ணாடி கட்டாயம். மற்ற இடத்தில் பட்டால் சுருக்கென்று ஒரு வலி, ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். ஆனால் உருவம், எடை, விசை, மேகஸின் மாற்றும் விதம், சுட்டதும் மேல்பகுதி பின்னால் போய் வருவது எல்லாம் அப்படியே நிஜத்தின் நகல். மூங்கில் வாள் உருவத்தைப் பொய்யாக்கி நேரத்தையும் தூரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டது. ஏர்சாஃப்ட் குண்டை மட்டும் பொய்யாக்கி மிச்சம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டது.

இந்தப் பொம்மையால் என்ன கற்க முடியும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 2004இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஸ்டீல் சேலஞ்ச் என்ற வேகச் சுடுதல் போட்டியில் தத்சுயா சாகாய் என்ற ஜப்பானியர் பட்டம் வென்றார். சொந்த ஊரில் நிஜ பிஸ்டலைத் தொட முடியாதவர். அவர் பழகியது பெரும்பாலும் ஏர்சாஃப்ட்டில்.

ஆனால் சாகாய் சுட்டதும் இரும்புத் தட்டுகளைத்தான். அவை திருப்பிச் சுடாது. அந்தப் பழைய கேள்வி அமெரிக்கப் போலீஸுக்குத்தான் அவசரமாக இருந்தது. 1983இல் சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் ஒரு கட்டுரை எழுதினார். 21 அடி தூரத்தில் கத்தியோடு நிற்கும் ஒருவன் உங்களிடம் ஓடிவர ஏறக்குறைய ஒன்றரை விநாடி போதும். உறையிலிருந்து பிஸ்டலை எடுத்துச் சுடவும் அதே நேரம்தான் ஆகும். எழுந்து ஓடிவராத காகித இலக்கு இதை எந்த ஜென்மத்திலும் சொல்லித்தராது.

அந்தப் பத்தாண்டிலேயே கனடாவிலிருந்து சிமுனிஷன் என்ற சாயக்குண்டுகள் வந்தன. நிஜத் துப்பாக்கியின் குழலை மாற்றிப் போட்டுச் சுட வேண்டும். பட்ட இடத்தில் சாயம் ஒட்டும், நன்றாகவே வலிக்கும். விலையும் வலிக்கும். பிறகு பல பயிற்சியாளர்கள் ஏர்சாஃப்ட்டுக்கு வந்ததற்கு மலிவு ஒரு காரணம். இன்னொரு காரணம் அதைவிடப் பெரியது: ஏர்சாஃப்ட் பிஸ்டலுக்குள் நிஜத் தோட்டாவை ஏற்றிச் சுட முடியாது.

நல்ல பயிற்சி எப்படி நடக்கும்? வாசலில் எல்லாரையும் தடவிப் பார்ப்பார்கள். நிஜ ஆயுதம், ஒற்றைத் தோட்டா, கத்தி எதுவும் உள்ளே போகாது. நடுவில் வெளியே போய்வந்தால் மறுபடியும் சோதனை. முகம் முழுக்க மூடும் கவசம் எல்லாருக்கும், வேடிக்கை பார்க்கிறவருக்கும். பிறகு காட்சி. ஒருவன் கத்திக்கொண்டே பின்பாக்கெட்டில் கைவிடுகிறான். வருவது பர்ஸா, பிஸ்டலா? பயிற்சிக்கு வந்தவர் தீர்மானிக்க வேண்டும். நிறைய பேர் பர்ஸைச் சுட்டுவிடுகிறார்கள். அந்த வெட்கத்துக்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

இதிலும் பொய்கள் உண்டு. பிளாஸ்டிக் உருண்டையை ஒரு சோபாவும் தடுத்துவிடும், நிஜக் குண்டு சோபாவைத் துளைத்துக்கொண்டு போகும். சோபாவுக்குப் பின்னால் பதுங்கிப் பழகியவன் ஐந்தடி வாள்காரனின் வாரிசு.

2016 ஆகஸ்டில் ஃப்ளோரிடாவின் பன்டா கோர்டா நகரத்தில் போலீஸ் பொதுமக்களுக்கு ஒரு வகுப்பு நடத்தியது. சுடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் இதே பயிற்சியின் செய்முறை. ஓய்வுபெற்ற நூலகரான 73 வயதுப் பெண்மணி போலீஸாக நடித்தார். குற்றவாளியாக நடித்த அதிகாரி கையில் இருந்தது நிஜ ரிவால்வர். உள்ளே வெற்றுத் தோட்டா என்று நம்பினார். நிஜத் தோட்டா இருந்தது. அந்த அம்மா இறந்துபோனார். பயிற்சிக்கூடத்தில் நிஜத் துப்பாக்கியைக் கொண்டுவந்தால் மிச்சம் எல்லாம் நம்பிக்கையை நம்பித்தான். சில நூறு ரூபாய் பிளாஸ்டிக் பொம்மை ஒன்று அந்த உயிரைக் காப்பாற்றியிருக்கும்.

இங்கேயே நிறுத்திவிட்டால் இது பொம்மையைப் புகழும் கட்டுரையாகிவிடும். நிறுத்த முடியவில்லை. 2014 நவம்பர் 22 அன்று ஓஹியோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் ஒரு பூங்கா. 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் கையில் ஏர்சாஃப்ட் பிஸ்டல். பொம்மை என்று காட்டும் ஆரஞ்சு முனை அதில் இல்லை. பார்த்த ஒருவர் போலீஸுக்கு போன் போட்டார். அநேகமாக அது போலி, ஆளும் சின்னப் பையனாக இருக்கலாம் என்றும் சொன்னார். அந்த வார்த்தைகள் ரோந்து வண்டிக்குப் போய்ச் சேரவில்லை. வண்டி வந்து நின்ற இரண்டு விநாடிக்குள் ஓர் அதிகாரி சுட்டார். மறுநாள் பையன் இறந்தான். அடுத்த வருடக் கடைசியில், அதிகாரிகள் மீது குற்றம் சாட்ட கிராண்ட் ஜூரி மறுத்துவிட்டது.

எந்த ஒற்றுமை அந்தப் பொம்மையைப் பயிற்சிக்கு லாயக்காக்கியதோ, அதே ஒற்றுமைதான் அந்தப் பையனைக் கொன்றது. 1971இல் ஜப்பான் மஞ்சள் பெயின்ட் அடிக்கச் சொன்னதும், 1988இல் அமெரிக்கச் சட்டம் ஆரஞ்சு முனை கேட்டதும் இந்தப் பயத்தில்தான். ஆனால் பெயின்ட் மேல் மட்டும் பழியைப் போட எனக்கு மனசு வரவில்லை. டூலரின் ஒன்றரை விநாடி, ஓடிவரும் கத்திக்காரனுக்கான கணக்கு. அதை எல்லாக் கைக்கும் எல்லா மனிதனுக்கும் நீட்டிவிட்டால், பயிற்சி கற்றுத்தருவது அவசரத்தை மட்டும்தான்.

மெழுகுக் குண்டுக்காரர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் காத்திருக்க ஒரு சைகை இருந்தது. பூங்காவில் அந்தச் சைகையைக் கொடுக்க ஆள் கிடையாது, அதைச் சுடுகிறவனே தனக்குக் கொடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் ஏர்சாஃப்ட் பயிற்சியில் எண்ண வேண்டியது எத்தனை உருண்டை பட்டது என்பதை அல்ல. கவசத்தைக் கழற்றிவிட்டு, மேகஸின் நிறைந்தபடியே ஒருவர் வெளியே வருகிறார். எதிரே வந்தவன் பாக்கெட்டிலிருந்து எடுத்தது பர்ஸ் என்று அவர் பார்த்துவிட்டார். அன்றைய வகுப்பில் பாஸானவர் அவர்தான்.