போர்ச்சுகல் இளைஞர்களின் புலம்பெயர்வும் ஊர் திரும்புதலும்

போர்ச்சுகலில் பிழைப்புத் தேடி வெளியேறுவது புதிதல்ல. 1960களில் சர்வாதிகாரி சலசார் ஆட்சியில் கடவுச்சீட்டின்றிப் பிரெனீசு மலை கடந்து பிரான்சுக்குப் போனவர்கள் ஏராளம். 2011இல் நாடு 7,800 கோடி யூரோ கடனுதவிக்குக் கையேந்தியபின் கிளம்பியவர்களில் பட்டதாரிகள் கணிசம். 2013இல் வேலை தேடிய இளையோரில் மூவரில் ஒருவருக்கு மேல் வேலையின்றி இருந்தனர். உள்நாட்டில் பயின்ற செவிலியர்கள் பிரிட்டன் மருத்துவமனைகளுக்குப் போனது பேரிழப்பு.

வெளியேறியவர்கள் விடுமுறைக்கு வரும் ஆகஸ்டில் வடக்குக் கிராமங்களில் பிரான்ஸ், சுவிஸ் எண்பலகைக் கார்கள் வந்து நிற்கும். பூட்டிக்கிடந்த வீடுகளின் சன்னல்கள் திறக்கும். மாதம் முடிந்தால் மறுபடி சாத்திவிடுவார்கள்.

இவர்களை நிரந்தரமாகத் திரும்ப வரவழைக்க அரசு 2019இல் தொடங்கிய 'ரெக்ரெசார்' (திரும்பி வருதல்) திட்டத்தின்படி, ஊர் திரும்புவோரின் ஊதியத்தில் பாதிக்கு 5 ஆண்டுகள் வருமானவரி இல்லை. நல்ல சலுகைதான், ஆனால் லிஸ்பனில் வீட்டு வாடகை சம்பளத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது.