சிகிச்சை எது என்று தீர்மானித்தவர்கள்

2018ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து நீதிமன்றமொன்றில் 156 பேரின் வாக்குமூலங்கள் ஏழு நாட்களாகக் கேட்கப்பட்டன. குற்றவாளியாக நின்றவர் லாரி நசார் என்னும் வைத்தியர். மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தில் 1997 முதல் பணியாற்றியவர். அமெரிக்க ஜிம்நாஸ்டிக் சங்கத்தின் வைத்திய இணைப்பாளராகவும் விளங்கியவர். சிகிச்சை என்ற பெயரால் சிறுமியரையும் இளம் பெண்களையும் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தியமைக்காக, 40 முதல் 175 ஆண்டுவரையான சிறைத்தண்டனை அவருக்கு விதிக்கப்பட்டது.

பத்திரிகைகள் அவரை அரக்கன் என்றன. பிழையான சொல்லன்று, ஆயினும் பலருக்கு வசதியான சொல். அரக்கனைச் சிறையில் அடைத்துவிட்டால் அவனுக்குச் சம்பளமும் அறையும் கொடுத்தவர்களைப் பற்றி எவரும் வினவமாட்டார்கள். இருபது ஆண்டுகள் இம்மனிதர் எவ்வாறு தொழில் புரிந்தார் என்பதே சரித்திர மாணவன் கேட்கவேண்டிய கேள்வி.

மறைத்துச் செய்தார் என்பது அதற்குப் போதிய விடையாகாது. முறைப்பாடுகள் தொடக்கத்திலிருந்தே எழுந்துள்ளன. 1997ஆம் ஆண்டிலேயே பயிற்றுநர் ஒருவரிடம் முறையிட்டதாக இரு பெண்கள் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தனர். 2004ஆம் ஆண்டில் பதினேழு வயதுப் பெண்ணொருத்தி மெரிடியன் நகரப் பொலிசாரிடம் சென்றாள். நசார் என்ன செய்தார்? தமது சிகிச்சை முறையை விளக்கும் படக்காட்சியொன்றைப் பொலிசாருக்குக் காட்டினார். வேறொரு வைத்தியரின் அபிப்பிராயத்தைக் கேளாமலே பொலிசார் கோவையை மூடிவிட்டனர். அப்பெண்ணிடம் அந்நகர நிருவாகம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2018ஆம் ஆண்டிலேதான்.

2014ஆம் ஆண்டு விசாரணையை நாம் சற்று ஊன்றி நோக்கவேண்டும். அப்பல்கலைக்கழகத்திலே பட்டம் பெற்ற பெண்ணொருவர் நசார் மீது முறைப்பாடு செய்தார். பல்கலைக்கழகம் விசாரித்தது, நான்கு நிபுணர்களின் கருத்தையும் கேட்டது. அந்நால்வரும் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள்; நசாரை அறிந்தவர்கள். நடந்தது முறையான சிகிச்சையே என்று அவர்கள் கூற, அச்சிகிச்சையின் நுட்பத்தை முறைப்பாட்டாளர் விளங்கிக்கொள்ளவில்லை என்ற தொனியில் முடிவு எழுதப்பட்டது. நோயாளியின் உடலுக்கு நேர்ந்ததை அந்நோயாளி அறியமாட்டாள்; வைத்தியரின் சகபாடிகள் அறிவார்கள்! இலாகா விசாரணைகளின் போக்கை அறிந்த ஆசிரியர்களுக்கு இத்தகைய தர்க்கம் புதிதாயிராது.

இதிலும் விசித்திரமானது, அறிக்கை இரு வடிவங்களில் எழுதப்பட்டமையாகும். பல்கலைக்கழகத்தின் கைக்குச் சென்ற பிரதியிலே, இச்சிகிச்சை முறை நோயாளிகளுக்கு அநாவசியமான வேதனையை உண்டாக்கலாம், பல்கலைக்கழகத்தைச் சட்டப் பொறுப்புக்கு உள்ளாக்கலாம் என்ற எச்சரிக்கை இருந்தது. முறைப்பாடு செய்த பெண்ணுக்குக் கிடைத்த பிரதியில் அது இல்லை. ஆபத்து உண்டென்பதை நிருவாகம் தனக்குத்தானே கூறிக்கொண்டது. ஆபத்துக்கு உள்ளானவளிடம் மாத்திரம் கூறவில்லை.

அதன்பின் சில நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. அந்தரங்க உறுப்புகளுக்கு அண்மையிலே சிகிச்சை செய்யும்போது வேறொருவர் அறையில் இருக்கவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அவை பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்க எவரும் நியமிக்கப்படவில்லை. பொலிஸ் விசாரணை முடிவடையாதிருந்த அக்காலத்திலேயே நசார் மீண்டும் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். நிபந்தனைகளுக்குப் பொறுப்பாயிருந்த பீடாதிபதி வில்லியம் ஸ்ட்ராம்பல், கடமை தவறியமைக்காகவும், தம் பதவியைக்கொண்டு மாணவிகளிடம் முறைகேடாக நடந்தமைக்காகவும் 2019ஆம் ஆண்டில் தாமே குற்றவாளியாகக் காணப்பட்டார்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் நிலைமை வேறாயிருக்கவில்லை. 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே ஜிம்நாஸ்டிக் சங்கத்துக்கு விஷயம் தெரியவந்தது. ஏறக்குறைய ஐந்து வாரங்களின் பின்னரே அது சமஷ்டிப் புலனாய்வுப் பணியகத்தை நாடியது; பல்கலைக்கழகத்துக்கோ ஒரு சொல்லும் அறிவிக்கவில்லை. பணியகமும் அசைந்துகொடுக்கவில்லை. அந்த அசட்டைக் காலத்திலே மட்டும் எழுபது பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாக, அமெரிக்க நீதித் திணைக்களத்தின் தலைமைப் பரிசோதகர் 2021ஆம் ஆண்டு அறிக்கையிலே குறிப்பிட்டார். பதக்கங்களுக்காகச் சிறுமியரை ஆட்டுவித்த ஸ்தாபனத்துக்குச் சிறுமியரைவிடத் தன் பெயரே பெறுமதியானதாக இருந்தது.

இவ்வரணைத் தகர்த்தவர் ரேச்சல் டென்ஹொலண்டர். பதினைந்தாம் வயதில் நசாரிடம் சிகிச்சைக்குச் சென்றவர். பின்னர் சட்டம் பயின்றவர். 2016ஆம் ஆண்டிலே ‘இண்டியானாபொலிஸ் ஸ்டார்’ பத்திரிகையிடமும் பொலிசாரிடமும் தம் கதையைக் கூறினார். பொலிசாரிடம் சென்றபோது, அத்தகைய சிகிச்சை உண்மையில் எவ்வாறு செய்யப்படும் என்பதை விளக்கும் வைத்தியச் சஞ்சிகைக் கட்டுரைகளையும், நசார் செய்ததாகக் கூறிய சிகிச்சை எதுவும் குறிக்கப்படாத தமது வைத்தியப் பதிவுகளையும் உடன் கொண்டு சென்றார். 2004இல் பொலிசாரும் 2014இல் பல்கலைக்கழகமும் தேடிப் பார்த்திருக்க வேண்டியவற்றை, பாதிக்கப்பட்டவரே தேடித் திரட்டிக் கொடுக்கவேண்டியதாயிற்று.

பின்னர் பணம் பேசியது. 2018இல் பல்கலைக்கழகம் 50 கோடி டொலரும், 2021இல் ஜிம்நாஸ்டிக் சங்கமும் ஒலிம்பிக் குழுவும் அவர்தம் காப்புறுதியாளரும் சேர்ந்து 38 கோடி டொலரும், 2024இல் அமெரிக்க அரசு 13.87 கோடி டொலரும் வழங்க உடன்பட்டன. இது ஓரிடத்துக் கதையுமன்று. அதே மாநிலத்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1966 முதல் 2003 வரை கடமையாற்றிய ரொபர்ட் அண்டர்சன் என்ற வைத்தியரின் விஷயத்தில், ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு 49 கோடி டொலர் நட்டஈடு வழங்க 2022இல் இணக்கம் காணப்பட்டது. அவர் 2008இல் காலமாகிவிட்டார். எந்த நீதிமன்றமும் அவரை விசாரிக்கவில்லை.

மிச்சிகன் அரச பல்கலைக்கழகமோ, நட்டஈட்டுக்கு உடன்பட்ட பின்னரும் தன் கோவைகளைத் திறக்கவில்லை. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஆவணங்களை, சட்டத்தரணியின் இரகசியம் என்று கூறி அது பல ஆண்டுகள் தடுத்து வைத்திருந்தது. அவை மாநிலச் சட்டமா அதிபரின் கைக்கு வந்தது 2024ஆம் ஆண்டிலேயாகும்.