உரோம இலக்கமும் நம் இலக்கமும்

கிராண்ட்பாஸ் என்பது போர்த்துக்கேயர் வழிவந்த பெயர். களனி கங்கையைக் கடக்கும் 'பெரிய துறை' என்பது அதன் பொருள். அந்தத் துறைக்கு அருகே வாழும் நான், ஐரோப்பியர் இங்கே விட்டுச் சென்றவற்றை எண்ணிப் பார்ப்பதுண்டு. சமயம், சட்டம், உடை, உணவு என்று பலவற்றையும் அறிஞர்கள் ஆராய்ந்துவிட்டார்கள். ஆனால் நாள்தோறும் கண்ணில் பட்டும் கருத்தில் படாத ஒன்று உண்டு. அதுதான் உரோம இலக்கம்.

மணிக்கூட்டின் முகத்தில் அது இருக்கிறது. பரீட்சை வினாத்தாளின் தலைப்பில் இருக்கிறது. ஆங்கில நூல்களின் முன்னுரைப் பக்கங்களில் இருக்கிறது. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் காலத்து இலங்கைச் செப்புச் சதத்தில் ஒரு பக்கம் தாளிப்பனையும் சிங்கள, தமிழ் எழுத்துகளும். மறுபக்கம் மன்னர் தலையும், பெயரை அடுத்து 'வீ' என்ற ஓர் உரோம எழுத்தும். அந்த 'வீ' தான் ஐந்து. ஆங்கிலம் அறியாத நம் பாட்டன்மாரும் முந்தானையிலும் மடியிலும் உரோம இலக்கத்தை முடிந்துகொண்டுதான் சந்தைக்குப் போனார்கள்.

சாதாரண எண்ணை உரோம இலக்கமாக மாற்றுவது எப்படி? வானொலியில் எழுத்தைக் காட்ட முடியாது, பெயரைத்தான் சொல்லலாம். எழுத்துகள் ஏழே ஏழு. ஐ என்றால் ஒன்று, வீ ஐந்து, எக்ஸ் பத்து, எல் ஐம்பது, சீ நூறு, டீ ஐந்நூறு, எம் ஆயிரம். பெரியதை முதலில் எழுதிச் சிறியதைப் பின்னால் அடுக்கினால் கூட்டவேண்டும். சிறியது பெரியதற்கு முன்னால் வந்தால் கழிக்கவேண்டும். ஐயும் வீயும் சேர்ந்தால் நான்கு. வீயும் ஐயும் சேர்ந்தால் ஆறு. 1996 ஐ எடுத்துக்கொள்வோம். ஆயிரத்துக்கு எம்; தொள்ளாயிரத்துக்குச் சீ, எம்; தொண்ணூறுக்கு எக்ஸ், சீ; ஆறுக்கு வீ, ஐ. ஆக ஏழு எழுத்துகள். 1888 ஐ எழுதினாலோ பதின்மூன்று எழுத்துகள் வேண்டும்!

இனி நம் முறையைப் பார்ப்போம். ஒன்று முதல் ஒன்பது வரை ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯ என்று தனித்தனிக் குறிகள். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. 1888 ஐ ௲௮௱௮௰௮ என்று எழுதுவர். 'ஆயிரம், எட்டு நூறு, எட்டுப் பத்து, எட்டு' என்பது அதன் வாசிப்பு. உரோமருக்குப் பதின்மூன்று எழுத்து வேண்டிய இடத்தில் நமக்கு ஆறு குறிகள் போதும். உரோமர் நூறு என்னும் குறியையே மூன்று முறை திருப்பி எழுத, தமிழர் எத்தனை நூறு என்பதை முன்னால் ஓர் இலக்கமாக வைத்தனர். இது சிறிய வேறுபாடு அன்று. ஒன்று அடுக்குவது, மற்றது பெருக்குவது.

இங்கே சுவையான செய்தி ஒன்றுண்டு. தமிழில் எண்பதுக்கு அடுத்த பத்தை 'ஒன்பது பத்து' என்ற போக்கில் சொல்வதில்லை, தொண்ணூறு என்கிறோம். சொல்லிலே நூறு வந்துவிடுகிறது. எண்ணூறுக்கு அடுத்ததும் அப்படியே. தொள்ளாயிரம் என்று ஆயிரத்தை வருவிக்கிறோம். ஒன்பதோடு பத்தும் நூறும் புணரும்போது இவ்வாறு திரிவதற்குத் தொல்காப்பியம் குற்றியலுகரப் புணரியலில் விதி சொல்கிறது. ஒன்பதுக்குத் 'தொண்டு' என்னும் பழஞ்சொல் பரிபாடலில் உண்டு. உரோமரும் தொண்ணூறை எழுதும்போது நூற்றையும், தொள்ளாயிரத்தை எழுதும்போது ஆயிரத்தையும் அண்ணாந்து பார்த்தே எழுதினர். அவர்கள் எழுத்தில் செய்ததை நாம் சொல்லில் செய்தோம். ஆனால் எழுதும்போது தமிழன் ௯௰, ௯௱ என்று நேராகவே எழுதினான். வாய் மேலே பார்க்க, கை ஒழுங்கு தவறவில்லை.

இத்துணைச் சிறப்பிருந்தும் இரண்டு முறைகளுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. இரண்டிலும் பூச்சியம் இல்லை. பூச்சியமும் இடமதிப்பும் சேர்ந்த இலக்கமுறை இந்தியாவில் தோன்றி, அராபியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. 1202 இல் பிசா நகரத்து லியொனார்டோ 'லிபர் அபாச்சி' என்ற நூலால் அதை அங்கே பரப்பினார். எதிர்ப்பும் இருந்தது. 1299 இல் புளோரன்ஸ் நகரத்து நாணய மாற்றுவோர் சங்கம், கணக்கேடுகளில் புதிய இலக்கங்களை எழுதலாகாது என்று விதித்தது. ஆயினும் கணக்கின் தேவை வென்றது. தமிழிலும் 1825 இல் சென்னையில் அச்சான 'கணித தீபிகை' பூச்சியத்தைத் தமிழ் இலக்கத்தோடு சேர்த்துக் கற்பித்தது. கண்டியிலும் பூச்சியம் இல்லாத பழைய சிங்கள இலக்கங்கள் வழங்கின. 1815 மார்ச் 2 ஆம் நாள் கைச்சாத்தான கண்டி ஒப்பந்தத்தின் சிங்களப் பகுதியில் அவற்றைக் காணலாம். அரசு போனபின் அந்த இலக்கமும் போயிற்று.

ஆகவே நம் இலக்கம் கணக்கிலிருந்து விலகியதற்காக வருந்தவேண்டியதில்லை. கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் இன்றைய இலக்கமே ஏற்றது. அதுவும் இந்த மண்டலத்திலே பிறந்து, ஊர்சுற்றி, வேற்றுப் பெயரோடு வீடு திரும்பிய பிள்ளைதான். என் கேள்வி வேறு. கணக்குக்கு நம் இலக்கத்தைக் காட்டிலும் உதவாத உரோம இலக்கம் எப்படி உயிர்பிழைத்தது?

ஐரோப்பியர் அதை வேலையிலிருந்து நீக்கினர்; வீட்டிலிருந்து நீக்கவில்லை. கணக்கேட்டை விட்டு எழுந்த முதியவருக்குத் திண்ணையில் ஓர் ஆசனம் இட்டதுபோல், மன்னர் பெயருக்குப் பின்னாலும், மணிக்கூட்டிலும், நூலின் அத்தியாயத் தலைப்பிலும் அதற்கு இடம் கொடுத்தனர். நாம் அப்படி ஓர் இடம் கொடுக்கவில்லை.

அதன் விளைவை வகுப்பறையில் காண்கிறேன். வினாத்தாளில் உரோம இலக்கத்தைத் தடையின்றி வாசிக்கும் மாணவரிடம், பக்க எண் ௱௨௰௩ என்று அச்சான பழைய நூலொன்றைக் கொடுத்தால், ள, உ, ய, ங என்று எழுத்தாக வாசிக்கிறார்கள். நூற்றிருபத்துமூன்று என்று சொல்லிக் கொடுத்தால் வியக்கிறார்கள். ஆறுமுக நாவலர் காலத்து அச்சுநூல்கள் பலவற்றையும், ஏட்டுச் சுவடிகளையும், பழைய காணி உறுதிகளையும் திறக்க இந்தப் பன்னிரண்டு குறிகள் திறவுகோல். ஓர் உறுதியில் எத்தனை பரப்பு என்பதை வாசிக்க இயலாதவன் தன் பாட்டனின் காணியிலே அந்நியனாகிறான்.

மொரீசியஸ் நாட்டின் நாணயத்தாள்களில் தமிழ் இலக்கம் அச்சிடப்படுகிறது. அங்கே தமிழைப் பேச்சுமொழியாகக் கொண்டோர் மிகச் சிலரே. ஆயினும் 1998 இல் வெளிவந்த புதிய தாள்களில் தமிழுக்குரிய வரிசை பின்தள்ளப்பட்டபோது தமிழர் எதிர்த்தனர். அத்தாள்கள் மீளப் பெறப்பட்டன. கணினிக்கான யுனிகோட் தரத்தில் தமிழ் இலக்கங்கள் தொடக்கத்திலேயே இடம்பெற்றன. தமிழ்ப் பூச்சியமும் 2005 இல் சேர்ந்தது. எழுத்துரு இல்லை என்று இனிச் சாட்டுச் சொல்ல வழியில்லை.

பெரிய இயக்கம் எதையும் நான் வேண்டவில்லை. நூல் வெளியிடுவோர் முன்னுரைப் பக்கங்களுக்கும் அத்தியாயங்களுக்கும் தமிழ் இலக்கம் இடலாம். மன்ற மலர்கள் எத்தனையாவது மலர் என்பதைத் தமிழ் இலக்கத்தில் பொறிக்கலாம். ஆசிரியர்கள் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம். நாற்பது நிமிடம் தாராளம். கணக்கை இன்றைய இலக்கம் பார்த்துக்கொள்ளட்டும். ௰, ௱, ௲ என்பவற்றுக்கு நம் வீட்டுத் திண்ணையில் ஓர் ஆசனம் போட்டால் போதும்.