ஒரே மலை, ரெண்டு கணக்கு

சைலன்ட் வேலி கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். காட்டுக்குள்ள அணை கட்டப் பார்த்தாங்க, சிங்கவால் குரங்குக்காக ஊரே சண்டை போட்டது, இந்திரா காந்தி நிறுத்திட்டாங்க. சுபம். ஆனா அந்தப் பள்ளத்தாக்குக்கு வடக்கே மலைமுகட்டைத் தாண்டினால் நம்ம நீலகிரி. அங்கே இருக்கிற மேல்பவானி, அவலாஞ்சி, எமரால்டு அணைகளுக்காக யாரும் சண்டை போட்டதில்லை. மலை ஒண்ணு, மழை ஒண்ணு. அப்புறம் எப்படி ரெண்டு கதை?

முதல்ல நம்ம பக்கம். பைக்காரா மின் நிலையம் 1932-ல் ஓட ஆரம்பித்தது. 1950-களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோடு குந்தா திட்டம் வந்தது. படிப்படியாக 6 மின் நிலையங்கள், மொத்தம் 585 மெகாவாட். கோவை மில்லும் கிணற்று மோட்டாரும் இந்தக் கரண்டில்தான் ஓடின. அதை மறந்துட்டு அணைன்னாலே பாவம்னு பேசுறது நன்றி கெட்டதனம்.

ஆனா விலையும் இருந்தது. சோலைக்காடும் புல்வெளியும் தண்ணிக்குள்ளே போச்சு. எவ்வளவு போகும், போனால் என்ன ஆகும்னு பொதுவெளியில் யாரும் கணக்குக் கேட்கலை. போர்த்திமந்து அணையின் பெயரில் இருக்கிற 'மந்து', தோடர் குடியிருப்பைக் குறிக்கிற சொல். அந்தப் பெயர் மட்டும் அணைக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

இனி அந்தப் பக்கம். குந்திப்புழாவில் அணை கட்டும் திட்டத்துக்கு 1973-ல் திட்டக் கமிஷன் ஒப்புதல் தந்தது. முதல் கட்டமாக 120 மெகாவாட். மூழ்கப்போவது சுமார் 830 ஹெக்டேர். கேட்டவர்களை வில்லனாக்கிட முடியாது. மலபார் அன்றைக்கு நிஜமாகவே பின்தங்கிய பகுதி. மின்சாரமும் பாசனமும் அங்கே ஆடம்பரம் இல்லை.

1976-ல் ஜாஃபர் ஃபதேஹல்லி தலைமையிலான குழு, திட்டத்தைக் கைவிடுங்கள் என்றது. கூடவே, கைவிட முடியாதுன்னா இந்த 17 பாதுகாப்புகளைச் செய்யுங்கள்னும் எழுதி வைத்தது. அவ்வளவுதான். மாநில அரசு முதல் வரியை விட்டுட்டு ரெண்டாவதைப் பிடிச்சுக்கிட்டது. பாதுகாப்பு தர்றோம்னு 1979-ல் ஒரு சட்டமே போட்டார்கள். அறிக்கை எழுதுகிற எல்லோருக்கும் இது பாடம்!

ஆட்டத்தை மாற்றியது கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் 1979 அறிக்கை என்பது என் எண்ணம். தாவரவியலாளர் எம்.கே.பிரசாத், பொறியாளர் எம்.பி.பரமேஸ்வரன், பொருளாதார அறிஞர் கே.பி.கண்ணன் உள்பட ஐந்து பேர் சேர்ந்து எழுதியது. எங்க சாஃப்ட்வேர் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. கிளையன்ட் 'இது வேணும்'னு சொன்னா, 'எதுக்கு வேணும்'னு திருப்பிக் கேட்கணும். இவர்கள் அதைத்தான் செய்தார்கள். மலபாருக்குத் தேவை அணையா, மின்சாரமா? மின்சாரம்னா, கம்பியில் வீணாகிறதைக் குறைக்கலாம், அனல் மின் நிலையம் வைக்கலாம், வேற வழி இருக்கு. காட்டுக்கு வேற வழி இல்லை. அதுவரை 'குரங்கா மனுஷனா'ன்னு நடந்த பட்டிமன்றம், அதுக்கப்புறம் கணக்காக மாறியது.

எம்.ஜி.கே.மேனன் தலைமையில் மத்திய-மாநிலக் கூட்டுக்குழு ஆராய்ந்தது. 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984-ல் தேசியப் பூங்கா அறிவிப்பு. 1985-ல் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். அதோட முடிஞ்சதா? இல்லை. 2000-களின் தொடக்கத்தில் அதே ஆற்றில், பூங்காவுக்குக் கொஞ்சம் கீழே, பாத்ரக்கடவுன்னு 70 மெகாவாட் திட்டம் கிளம்பியது. பூங்காவைச் சுற்றி 148 சதுர கிலோமீட்டர் காப்பு வளையத்துக்கு 2007-ல் ஒப்புதல் தரவேண்டி வந்தது. ஒரு அணையை நிறுத்துறது வேற, ஒரு பிரதேசத்துக்குத் திட்டம் போடுறது வேற.

மூன்று மாநில மலைகளையும் ஒரே கோட்டுக்குள் கொண்டுவந்த நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டதே 1986-ல்தான். அதாவது, நம்ம பக்கம் மூழ்கி, அந்தப் பக்கம் தப்பிச்ச பிறகுதான் வரைபடமே வந்தது! முதலில் வந்திருக்க வேண்டியது அது.

இன்றைக்கு இது பழங்கதை இல்லை. காற்றாலை, சோலார் மின்சாரத்தைச் சேமிக்க நீரேற்று மின் நிலையம் வேணும். மிச்சக் கரண்டில் தண்ணியை மேலே ஏத்தி வைத்து, தேவைப்படும்போது திறந்துவிடுறது. 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டம் ஏற்கெனவே இருக்கிற போர்த்திமந்து, அவலாஞ்சி-எமரால்டு நீர்த்தேக்கங்களையே எடுத்துக்கொள்கிறது. அதே மலையில் சில்லஹல்லா திட்டத்துக்குப் புது அணைகள் வேணும்.

ரெண்டுமே 'பசுமை' மின்சாரம்தான். ஆனா ஒண்ணு ஏற்கெனவே நாம் விலை கொடுத்த இடம், இன்னொண்ணு புதுசா விலை கேட்கிற இடம். எத்தனை மெகாவாட்னு கேட்கிறதுக்கு முன்னாடி எந்த இடம்னு கேட்கணும். குந்தாவில் கேட்காமல் விட்டதும், குந்திப்புழாவில் பத்து வருஷம் மல்லுக்கட்டிக் கேட்டதும் அந்த ஒரு கேள்விதான்.