நெடுந்தீவில் எம் முன்னோரின் வாழ்வும் வளவும் வழிப்பயணமும்



யூபிலி மலர் ஒன்றிலே ஆலயம் எழுந்த வரலாற்றைச் சொல்லுதல் மரபு. அதனை வேறு பக்கங்களில் வேறு பலர் தக்கவாறு எழுதியிருக்கின்றனர். ஆலய மணி கேட்கும் தூரத்திலே வாழ்ந்த குடிகள் எதனை உண்டனர், எந்த நிலத்தைத் தமது என்றனர், எந்தத் தோணியிலே ஏறிப் போய் வந்தனர் என்பவற்றை எழுதி வைப்போர் குறைவு. அக்குறையைச் சிறிதளவாயினும் போக்கலாம் என்னும் எண்ணத்துடனேயே நாம் இதனை எழுத முற்பட்டோம்.

யாழ்ப்பாணத்துத் தீவகத்தின் பெரிய தீவுகளுள் ஒன்றும் தரைவழித் தொடர்பு இல்லாததும் எமது நெடுந்தீவு. பரப்பளவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது ஏறக்குறைய 4,000 பேரே இங்கு வாழ்ந்தனர். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்கு இட்டனர். ஏனைய தீவுகள் அப்பெயர்களை உதறிவிட்டன. எமது தீவுக்கு மாத்திரம் 'டெல்வ்ற்' என்ற பெயர் அரசாங்கக் கடிதங்களில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. வீட்டிலே நாம் அதனைச் சொல்லிக் கேட்டதில்லை.

முதன்முதல் வருபவர் கண்ணிற் படுவன கல்வேலிகளே. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கிடுகும் பனையோலையும் கதியாலும் வேலியாக, இங்கே முருகைக்கல்லே வேலி. சுண்ணாம்போ சீமெந்தோ ஒரு கையளவும் சேர்ப்பதில்லை. பெரிய கல்லை அடியில் இருத்தி, அதன் இடுக்கிலே சிறிய கல்லைச் செருகி, மார்பளவுக்கு அடுக்கிவிடுவர். நிலத்தைக் கொத்தினாற் கல், தோட்டம் செய்ய முற்பட்டாற் கல். பயிர் வேண்டுமாயின் கல்லைப் பொறுக்கியே ஆகவேண்டும். பொறுக்கிய கல்லை எங்கே போடுவது? எல்லையிலே போட்டனர். காற்று அதன் இடுக்குகளுக்கூடாகப் புகுந்து போகும். ஆதலால் வேலி சரிவதில்லை. ஆடு மாடு உள்ளே வராது. அயலவன் இரவோடிரவாக எல்லையை நகர்த்துவதும் எளிதன்று. கதியாலைப் பிடுங்கி ஒரு முழம் தள்ளி நடுவதுபோற் கல்வேலியை நகர்த்திவிட முடியுமா? ஊருக்கே சத்தம் கேட்குமே!

சாப்பாட்டுக்கு மழையை நம்பிய நெல்லும் வரகும், கடல் தந்த மீனும் கருவாடும், மற்றெல்லாவற்றுக்கும் பனையும். ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, பனங்கட்டி என்று ஆண்டு முழுவதற்கும் பெட்டகத்தில் அடைத்து வைப்பர். சோளகம் பெயர்ந்து கடல் கொந்தளிக்கும் நாட்களில் அக்கரையிலிருந்து அரிசி வராது. அப்போது ஒடியற் கூழே உணவு. கூழைப் பற்றி நகரத்தார் இப்போது பெருமையாகப் பேசுகின்றனர். அந்நாளில் அது பெருமைக்காகக் குடித்ததன்று.

தண்ணீர்தான் எக்காலத்தும் எமக்குத் தாழ்ச்சி. கிணறு தோண்டினாற் பெரும்பாலும் உவர். நன்னீர் ஊறும் சில இடங்களை நாடிக் குடத்தோடு நடந்தவர்கள் எம் தாய்மார். சாராப்பிட்டிக் கிணறுகளின் பெயரை அறியாத நெடுந்தீவார் இல்லை. வறட்சி முற்றிய ஆண்டுகளிலே மனிதருக்கு முன்னே குதிரைகள் மடிந்தன. போர்த்துக்கேயர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுவதும் ஒல்லாந்தர் பெருக்கியதுமான அந்தக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் தெற்கு வெளியிலே கட்டாக்காலிகளாய்த் திரிகின்றன. 2015 ஆம் ஆண்டிலே தீவின் 1,800 எக்டேருக்கு மேற்பட்ட நிலம் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. தீவின் மூன்றிலொரு பங்குக்கு மேல் அதற்குள் அடங்கிவிட்டது. குதிரைகளுக்கு நன்மையே. மாடுகளை அவிழ்த்துவிட்டு வாழ்ந்த குடிகளின் எண்ணம் வேறு.

இனி வளவின் கதைக்கு வருவோம். எம் பெரியோருக்குக் காணி என்பது விற்று வாங்கும் பொருளன்று, உறவின் கணக்கு. தேசவழமைச் சட்டம் அந்தக் கணக்கினை எழுதி வைத்த ஏடு. யாழ்ப்பாணத்திலே 37 ஆண்டுகள் வாழ்ந்த கிளாஸ் ஈசாக்ஸ் என்னும் ஒல்லாந்தத் திசாவை, தேசாதிபதி சீமோன்சின் கட்டளைப்படி, 1707 ஆம் ஆண்டிலே குடிகளின் வழமைகளைத் தொகுத்து முடித்தார். அது தமிழிலே பெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலிமார் வாசித்துச் சரியென்று ஒப்பிய பின்னரே வழக்குமன்றுகளுக்குப் போயிற்று. ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதனைத் தொடர்ந்தும் சட்டமாக்கினர்.

அதன்படி சொத்து மூவகை. தந்தைவழி வந்தது முதுசம். பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம். கணவனும் மனைவியும் உழைத்துச் சேர்த்தது தேடிய தேட்டம். முற்காலத்தில் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும் சென்றது. சீதனம் பெற்ற பெண் பின்னர் பெற்றார் சொத்திலே பங்கு கேட்பதில்லை. ஆதலாற் கலியாணப் பேச்சு நடந்த வீட்டிலே மாப்பிள்ளையின் குணத்தைவிட வளவின் எல்லைகளைப் பற்றியே அதிகம் பேசினர் என்றால் மிகையாகாது. காணிக்குக் காணி தனிப்பெயர் உண்டு. அளவு பரப்புக் கணக்கு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். நிலத்தை விற்க எண்ணுபவன் பங்காளிக்கும் உரித்தாளருக்கும் முதலில் அறிவிக்கவேண்டும் என்ற முன்னுரிமை வழமையும் இருந்தது. அந்நியன் ஊருக்குள் எளிதாக நுழையாதிருந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். கடன்பட்டவன் காணியை ஒற்றி வைப்பான். வட்டிக்குப் பதிலாக விளைவைக் கடன் கொடுத்தவன் எடுத்துக்கொள்வான். ஒற்றி மீளாமலே இரண்டு தலைமுறை கழிந்த காணிகளும் உண்டு.

இந்தச் சட்டத்தில் ஒரு குறை எமக்கு என்றும் உறுத்தலாகவே இருக்கிறது. தன் சீதனக் காணியை ஒரு பெண் விற்பதானாற் கணவனின் சம்மதம் வேண்டும். கணவன் கப்பலேறிப் போய்த் திரும்பாத வீடுகளிலே பெண்கள் பட்ட பாட்டை ஊரிலே பலர் அறிவர். காணி அவள் பெயரில், கையெழுத்தோ காணாமற்போனவன் கையில்.

இங்கே கோயிலுக்கும் காணிக்கும் உள்ள பழைய தொடர்பொன்றைச் சொல்லியாகவேண்டும். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கோயிற்பற்றுகளாக வகுத்து ஆண்டனர். காணித் தோம்பிலே நிலங்களையும், பாடசாலைத் தோம்பிலே ஞானஸ்நானங்களையும் திருமணங்களையும் பதிந்தனர். இன்னார் இன்னாருக்குச் சட்டப்படி பிறந்த பிள்ளை என்று நிலைநாட்டப் பாடசாலைத் தோம்பே சான்று. கத்தோலிக்க வேதம் தடைப்பட்டிருந்த அந்தக் காலத்திலே, 1687 இல் யாழ்ப்பாணம் வந்த புனித யோசேவாசை இரகசியமாகத் தேடிப்போய்ப் பூசை கண்ட குடும்பங்களும், தம் பிள்ளைக்குச் சொத்துரிமை வேண்டுமாயின் அரசாங்கத் தோம்பிலே பெயர் பதியவேண்டிய சங்கடத்தில் இருந்தன. விசுவாசம் ஒரு பக்கம், வளவு மறுபக்கம். அவர்களைக் குறைகூற எமக்கு வாய் வரவில்லை.

பயணத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் மலர் முழுவதும் போதாது. முன்னாளிற் பாய்த்தோணியே கதி. வாடைக்கு ஒரு வழி, சோளகத்துக்கு ஒரு வழி. காற்று விழுந்தால் நடுக்கடலிலே தோணி அப்படியே நிற்கும். பின்னர் இயந்திரப் படகுகள் வந்தன. இன்று யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர் பண்ணைப் பாலம் தாண்டி, மண்டைதீவுச் சந்தி, வேலணை, வாணர் தாம்போதி, புங்குடுதீவு என்று தரைவழியே வந்து குறிகட்டுவானில் இறங்குவர். அங்கிருந்து மாவிலித்துறைக்குச் சுமார் ஒரு மணிநேரக் கடல். மற்றத் தீவுகள் சில தாம்போதியால் நிலத்தோடு இணைந்துவிட்டன. எமக்கு இடையில் உள்ள கடல் ஆழமானது. தாம்போதி கட்டுவார் இல்லை.

படகிலே எல்லாம் வரும். சீமெந்துப் பை, மண்ணெண்ணெய்ப் பீப்பா, ஆடு, சைக்கிள், கலியாணப் பந்தற் சாமான், பிரேதப்பெட்டி. மணமகள் சீலை நனையாதிருக்கக் குடை பிடித்துக்கொண்டு வந்ததும் அதிலேதான். பேறுகாலம் நெருங்கிய பெண்களைச் சில கிழமைகள் முன்னதாகவே யாழ்ப்பாணத்து உறவினர் வீட்டிலே கொண்டுபோய் விடுவது ஊர் வழக்கம். இரவிலே வருத்தம் கடுமையானால் படகோட்டியை எழுப்பவேண்டும். அதன்பின் காற்றைப் பார்க்கவேண்டும். இக்கரையில் இறங்கினால் மாட்டுவண்டி, பிற்காலத்திலே லாண்ட்மாஸ்டர். அதன் பெட்டியிலே ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிப் போய்ப் பூசைக்கு இறங்கிய நாட்கள் இன்றும் முதுகிலே நினைவிருக்கின்றன.

'குமுதினி' என்னும் பெயரை நாம் தனித்தே எழுதவேண்டும். தீவையும் குறிகட்டுவானையும் இணைத்த அந்த மரப்படகை எமக்குக் கடல்மேல் நகரும் ஒரு தெரு எனலாம். 1985 ஆம் ஆண்டு மே 15 ஆம் நாள், மாவிலித்துறையிலிருந்து புறப்பட்ட அப்படகு நடுக்கடலிலே வழிமறிக்கப்பட்டது. அதிலே இருந்த ஆண்கள், பெண்கள், கைக்குழந்தை உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். அலுவலகத்துக்குப் போனவரும், உறவினரைப் பார்க்கப் போனவரும், சந்தைக்குப் போனவருமாய் எல்லோரும் சாதாரண சனங்கள். ஆண்டுதோறும் அந்நாளில் அவர்களுக்காக ஊர் கூடுகிறது. அதன் பின்பும் எம்மவர் அப்படகிலேதான் ஏறினர். வேறு வழி இருக்கவில்லை. படகு பழுதடைந்தும் திருத்தப்பட்டும் பல்லாண்டு ஓடிற்று. பின்னாளில் 'வடதாரகை'யும், 2017 இல் 'நெடுந்தாரகை'யும் சேவைக்கு வந்தன.

கச்சதீவுப் பயணத்தை மறக்கலாகாது. நெடுந்தீவுப் பிரதேசப் பிரிவைச் சேர்ந்த அந்தக் குடியில்லாத் தீவிலே, இராமநாதபுரக் கரையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி என்பவர் 1905 ஆம் ஆண்டளவில் அந்தோனியார் கோயிலை எழுப்பினார் என்பர். இரு கரையிலிருந்தும் வள்ளங்கள் வந்து கூடும். அக்கரையார் கொண்டுவந்த சாமான்களும் இக்கரையார் கொண்டுபோன பனம்பண்டங்களும் கைமாறும். பூசைக்குப் போனோமா சந்தைக்குப் போனோமா என்று கேட்டால், இரண்டுக்கும் என்பதே உண்மையான பதில். தீவு இலங்கைக்குரியது என 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கையிலே ஏற்கப்பட்டது. போரால் திருவிழா தடைப்பட்டுப் பின்னர் மீண்டது. 2016 திசெம்பரிலே புதிய கோயில் அபிஷேகம் செய்யப்பட்டது.

1990க்குப் பின்னர் தீவகத்தார் திக்குத்திக்காய்ச் சிதறினர். வன்னிக்குப் போனவரும் உண்டு. கொழும்புக்கும், அங்கிருந்து பாரிசுக்கும் இலண்டனுக்கும் ரொறொன்ரோவுக்கும் போனவரும் உண்டு. போகும்போது பலர் எடுத்துச் சென்றது மாற்றுடுப்பும் காணி உறுதிகளுமே. சிலர் உறுதியை எடுக்கவும் நேரமின்றிப் போயினர். ஆளில்லாத வளவிலே பற்றை வளர்ந்தது, கூரை இறங்கியது. பத்து ஆண்டுகள் தடையின்றி எதிரிடையாக ஆண்டவனுக்குக் காணி உரித்தாகலாம் என்பது 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டம். போரினால் ஓடியவன் எப்படித் தடைசெய்வான்? இந்த அநீதியை உணர்ந்தே 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரை போர் காரணமாகக் காணிக்கு வர முடியாதிருந்தவருக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடக் கூடாது என்றது அது. ஆனால் வழக்கிட இரண்டு ஆண்டுகளே தவணை கொடுக்கப்பட்டது. அத்தவணை முடிந்த பின்னரே அப்படியொரு சட்டம் இருந்தது என்று கேள்விப்பட்ட பலரை நாம் அறிவோம்.

இப்போது எமது கோயில் விறாந்தையிலே கோடை விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் சிலர் வந்து நிற்பதைக் காண்கிறோம். தமிழ் தடுமாறும், கையிலே தாத்தாவின் பெயர் எழுதிய துண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடித் தாருங்கள் என்கின்றனர். ஒரு காணியிலே ஏழெட்டுப் பேருக்குப் பிரிபடாத பங்கு. அவர்களுள் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. பதிவேட்டிலே பெயரைக் கண்டதும் அந்தப் பிள்ளைகளின் முகம் மலர்வதையும் பார்த்திருக்கிறோம். காணிக்காக வந்தவர்கள் பெயரோடு திரும்பிப் போகின்றனர்.

எம் வீட்டுப் பெட்டகத்திலே ஒரு சீதன உறுதி இருக்கிறது. பூச்சி அரித்த தாள். அதிலே எல்லை சொல்லப்பட்டிருக்கும் ஒழுங்கு வருமாறு: கிழக்கு ஒழுங்கை, வடக்கும் தெற்கும் பங்காளிகளின் வளவு, மேற்கு கடல். ஒழுங்கை இப்போது பற்றை மூடிக் கிடக்கிறது. பங்காளிகளின் பிள்ளைகளோ வேறு வேறு நாடுகளில். வடக்குப் பக்கக் கல்வேலி மாத்திரம் ஒரு கல்லும் விழாமல் நிற்கிறது. சென்ற மாரியிலே தெற்குப் பக்கம் சிறிது சரிந்திருந்தது. பூசை முடிந்து வந்து, நாமும் அயல்வீட்டுப் பிள்ளைகள் இருவருமாகக் கல்லை எடுத்து அடுக்கினோம்.