ஓமக்குளமும் அண்ணாமலை நகரும்

சிதம்பரம் என்றவுடன் பலருக்குப் பொன்னம்பலமும் நான்கு கோபுரங்களும் நினைவுக்கு வரும். உல்லாசப் பயணிகளுக்குப் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு. நாக்கு ருசி அறிந்தவர்களுக்குச் சம்பா சாதமும் கொத்சும். நாம் இங்கே எழுதப் புகுவது வேறொரு சிறப்பைப் பற்றி. பல்கலைக்கழகம் அமைந்த இச்சிற்றூரில், சேரியிலிருந்து புறப்பட்ட பிள்ளை தங்கி வாழ இடம் கிடைத்த வரலாறு அது.

மாவட்டத் தலைநகர் கடலூர். ஆட்சியர் அலுவலகமும் நீதிமன்றங்களும் துறைமுகமும் அங்கேதான். ஆயினும் பல்கலைக்கழகம் வாய்த்தது சிதம்பரத்துக்கே. 1920இல் அண்ணாமலை செட்டியார் இங்கு நிறுவிய மீனாட்சி கல்லூரி வளர்ந்து, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தைப் போலப் பல ஊர்க் கல்லூரிகளை இணைத்துக்கொண்டு தேர்வு நடத்தும் அமைப்பாக இது தொடங்கப்படவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போன்று ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் கூடி வாழும் உறைவிடப் பல்கலைக்கழகமாகவே எழுந்தது. இருப்புப்பாதைக்குக் கிழக்கே எழுந்த அண்ணாமலை நகர், வகுப்பறைகளும் விடுதிகளும் ஆசிரியர் குடியிருப்புகளும் சேர்ந்த ஒரு தனி ஊராகவே விளங்கிற்று. விபுலாநந்த அடிகளும் சோமசுந்தர பாரதியாரும் தமிழ் கற்பித்ததும், 1941இல் முதல் தமிழிசை மாநாடு கூடியதும் இவ்வூரில்தான். மாலை வேளையில் நடந்து போனாலே அறிஞர் பேச்சு காதில் விழும் ஊர் வேறு எத்தனை உண்டு?

ஆனால் உறைவிடப் பல்கலைக்கழகம் என்ற சொல்லுக்குள் நமக்கென்று ஒரு வினா ஒளிந்திருந்தது. அங்கே படிக்க வேண்டுமானால் அந்த ஊரில் இருக்க வேண்டும், உண்ண வேண்டும், உறங்க வேண்டும். குளத்திலும் கிணற்றிலும் தெருவிலும் தீட்டுப் பார்த்த காலத்தில் அது எளிய காரியமா?

இவ்வினாவுக்கு விடை, பல்கலைக்கழகம் தோன்றுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னரே ஓமக்குளத்தில் தொடங்கிவிட்டது. ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்து, துறவு பூண்டு, 1910இல் சிதம்பரம் வந்த சுவாமி சகஜானந்தர், 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். ஓமக்குளம், நந்தனார் தீயில் மூழ்கி எழுந்த இடமென்று மக்கள் நம்பும் இடம். தில்லைக்கு நாளை போவேன், நாளை போவேன் என்றிருந்தமையால் அவர் திருநாளைப்போவார் எனப்பட்டார். நம் பிள்ளைகளுக்கோ நாளை என்று சொல்லக் கூடவில்லை. பள்ளிச் சேர்க்கை ஆனி மாதத்தோடு முடிந்துவிடும் அல்லவா!

சுவாமிகள் பள்ளிக்கூடம் மட்டும் கட்டி நிறுத்திக்கொள்ளவில்லை. வெளியூர்ப் பிள்ளைகள் தங்கி உண்டு படிக்க வழி செய்தார். எழுத்தறிவுக்குப் பள்ளி போதும். வயலிலும் பண்ணையிலும் வேலை செய்யும் பெற்றோரிடமிருந்து பிள்ளையை ஆண்டு முழுதும் மீட்டு வைக்க விடுதிதான் வேண்டும். இந்த நுட்பத்தை அவர் அறிந்திருந்தமையே அவர் பணியின் உயிர்நாடி என்பது நம் கருத்து. 1926 முதல் சட்டமன்ற அவைகளில் நெடுங்காலம் அமர்ந்தும் அவர் மடத்தையும் பள்ளியையும் விடவில்லை. 1959 மே 1இல் மறைந்தார். அவர் விதைத்தவை இன்று நந்தனார் பெயரிலேயே ஆண்களுக்கும் பெண்களுக்கும் அரசு மேல்நிலைப் பள்ளிகளாக நிற்கின்றன.

ஆக, கோபுரத்தின் ஒரு பக்கம் ஓமக்குளம். மறுபக்கம் அண்ணாமலை நகர். நடந்தே கடக்கக் கூடிய தொலைவுதான். அத்தொலைவைக் கடக்கப் பணம் வேண்டியிருந்தது. தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு மேற்படிப்பு உதவித்தொகையை இந்திய அரசு 1944இல் தொடங்கிற்று. டாக்டர் அம்பேத்கர் அப்போது வைசிராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினர். 1947இல் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. கோயில் வாயிலைச் சட்டம் திறப்பதற்கு முப்பத்தோராண்டுகள் முன்பே நம்மவர் பள்ளி வாயிலைத் தாமே திறந்துகொண்டனர் என்பதை இளைஞர் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

இவ்வூர் வாழ்க்கை அமைதியானது என்று மட்டும் சொல்வதும் பிழை. 1965 சனவரி 27இல் இந்தித் திணிப்பை எதிர்த்துச் சென்ற மாணவர் இராசேந்திரன் காவலர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அதே ஆண்டில், காட்டுமன்னார்கோயில் தந்த எல். இளையபெருமாள் தலைமையில் மைய அரசு தீண்டாமைக் குழுவை அமைத்தது. நாடெங்கும் கொடுமைகளைத் தொகுத்து 1969இல் அது அறிக்கை தந்தது.

1979இல் பல்கலைக்கழகம் தொலைநிலைக் கல்வியைத் தொடங்கியபின், சிதம்பரத்தில் தங்காமலே பட்டம் பெற வழி பிறந்தது. கூலிக்குச் சென்றுகொண்டே படித்தோர் நம்மில் உண்டு. அது நன்மையே. எனினும் நூலகத்தில் இரவு வரை அமர்வதும், வேறு சாதி மாணவனோடு ஒரே பந்தியில் உண்பதும், விடுதி வராந்தாவில் வாதிடுவதும் அஞ்சலில் வருவன அல்ல. 2013இல் தமிழக அரசு தனிச் சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் கொண்டது. அறை வாடகைக்குக் கேட்டால் பெயருக்கு முன் சாதியை விசாரிக்கும் வீட்டுக்காரர்களை எந்தச் சட்டமும் இன்னும் பொறுப்பில் கொள்ளவில்லை. இவ்வனுபவம் நமக்கும் உண்டு. விடுதி இடங்களைப் பெருக்கக் கோருவது அதனாலேயே இன்றும் நம் முதல் கோரிக்கையாக நிற்கிறது.

ஓமக்குளத்து விடுதியில் தங்கி, இருப்புப்பாதை கடந்து அண்ணாமலை நகருக்குப் படிக்கச் சென்ற முதல் தலைமுறையினரின் மக்களும் பேரரும் இம்மலரைப் படிக்கக் கூடும். எவர், எந்த ஆண்டு, எவ்வளவு உதவித்தொகையில் படித்தார் என்பதை எழுதி அனுப்பினால் அடுத்த மலரில் அச்சிடுவோம்.